காலைக் கேட்டுப் பலகை

பனிச்சறுக்குப் பலகை எடுக்க வருகிறவர்களின் கண் முதலில் போவது சுவருக்குத்தான். அங்கே வரிசையாகச் சாத்தியிருக்கும் பலகைகளின் அடிப்பக்கத்தில் புலி இருக்கும், எலும்புக்கூடு இருக்கும், சீறி எழும் அலை இருக்கும். பிடித்த படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, இதற்குப் பொருத்தமான பூட்ஸ் தாருங்கள் என்பார்கள். நான் பலகையை வாங்கி இருந்த இடத்திலேயே சாத்திவிட்டு, வாங்கில் உட்காரச் சொல்லி, சப்பாத்தைக் கழற்றச் சொல்வேன். முதலில் கால். காலுக்குப் பூட்ஸ். பூட்ஸின் நீளத்தையும் ஆளின் நிறையையும் பார்த்துப் பலகை. கடைசியில் பூட்ஸையும் பலகையையும் பிணைக்கும் பைண்டிங். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ஆள் மத்தியானத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுவார்.

ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஒரு சிறிய குன்றின் அடிவாரத்தில், குளிர்காலச் சனி ஞாயிறுகளில் இந்த வேலை எனக்கு. சறுக்க வருகிறவர்களுக்கு வாடகைப் பலகை பொருத்திக் கொடுப்பது, சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு அளவு சொல்வது. நான் யாழ்ப்பாணத்தில் நாவலருடைய சைவ வினாவிடையைப் பாடமாக்கி வளர்ந்தவன். வினா வரும், விடை வரும், இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். அந்தப் புத்தகம் எனக்குள் விட்டுச்சென்ற ஒரு வினாவுக்கு மட்டும் விடையை அதிலிருந்து ஒப்பிக்க முடியவில்லை. வழி என்று ஒன்று இருக்கிறது. அதில் போக வந்த ஆள் ஒருவர் இருக்கிறார். வழிக்கு ஏற்றபடி ஆள் மாற வேண்டுமா, ஆளுக்கு ஏற்றபடி வழி அமைய வேண்டுமா?

இரண்டும்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முழுவதும் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். ஆனால் முதல் நாள் என்று ஒன்று இருக்கிறதே, அந்த நாளைப் பற்றித்தான் நான் கேட்கிறேன். என் முடிவு இது: முதல் நாளில் வழிதான் ஆளிடம் இறங்கி வர வேண்டும். இறங்கி வந்த வழி குறைந்த வழி அல்ல. இதைக் கோயில் மண்டபத்தில் சொன்னால் வாதம் வருகிறது. கடை வாங்கில் சொன்னால் யாரும் மறுப்பதில்லை, ஏனென்றால் அங்கே கால் நோகிறது.

பூட்ஸிலிருந்து தொடங்குகிறேன். பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, பூட்ஸின் நாக்கில் அச்சடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். வீதியில் போடும் சப்பாத்தின் எண்ணை நம்பக்கூடாது. காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது. குளிருமே என்று இரண்டு காலுறை போட்டால் இடையில் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் வரும். இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் பூட்ஸின் முனையை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் பாதம் சற்றுப் பின்வாங்கி, விரலுக்கு இடம் கிடைக்கும். முக்கியமானது குதிகால். முன்விரலில் ஊன்றி எழும்போது குதிகால் பூட்ஸுக்குள் தூக்கினால் அந்தப் பூட்ஸ் வேண்டாம். காலின் அசைவு பலகைக்குப் போய்ச்சேருமுன் அந்த இடைவெளியிலேயே கரைந்துவிடும். சாமர்த்தியம் இல்லை என்று தங்களைத் தாங்களே நொந்துகொள்ளும் பலருக்கு உண்மையில் இருப்பது ஒரு அளவு பெரிய பூட்ஸ்தான். கடையில் போடும்போது 'சுகமாக இருக்கிறது' என்று எடுத்தது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோணர் நினைவு வரும். பௌத்த விநயத்தில் மகாவக்கத்தின் ஐந்தாம் பகுதி தோலையும் காலணியையும் பற்றியது. அதன் தொடக்கத்தில் சோண கோளிவிசரின் கதை இருக்கிறது. சம்பா நகரத்துப் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை. உள்ளங்காலில் மயிர் முளைத்திருக்கும் அளவுக்கு மெல்லிய பாதம் அவருக்கு. துறவு பூண்டு, இராசகிருகத்துக்குப் பக்கத்தில் சீதவனத்தில் வெறுங்காலுடன் நடந்து நடந்து தியானம் செய்தார். பாதம் வெடித்து நடைபாதை முழுவதும் இரத்தமானது. இவ்வளவு முயன்றும் எனக்கு ஒன்றும் கைகூடவில்லையே, வீட்டில் செல்வம் இருக்கிறது, திரும்பிப் போய் அறம் செய்துகொண்டு இருந்துவிடலாமே என்று நினைத்தார்.

அப்போது புத்தர் வந்து வீணை நரம்பைப் பற்றிக் கேட்டது எல்லோருக்கும் தெரியும். அதிகம் முறுக்கினாலும் இசைக்காது, தளர விட்டாலும் இசைக்காது. மேடைகளில் இந்த வீணையோடு கதை முடிந்துவிடுகிறது. எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. நீ மென்மையாக வளர்ந்தவன், ஓரடுக்குத் தோல் காலணி போட்டுக்கொள் என்று புத்தர் அவருக்கு அனுமதி கொடுக்கிறார். சோணர் மறுக்கிறார். வண்டி வண்டியாகப் பொன்னைத் துறந்து வந்தவன் இப்போது ஒரு காலணியில் பற்று வைத்திருக்கிறான் என்று சொல்வார்கள். சங்கத்தார் எல்லோருக்கும் அனுமதித்தால் நானும் போட்டுக்கொள்கிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்கிறார். புத்தர் எல்லோருக்கும் அனுமதிக்கிறார்.

ஒரு மனிதனின் பாதம் வலித்ததால் ஒரு சங்கத்தின் விதி மாறியது. ஆளைப் பார்த்து வழி தன்னைத் திருத்திக்கொண்டது. அப்படித் திருத்தியதில் விடுதலையின் உயரம் ஒரு விரற்கடையும் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. காலணி போட்ட துறவி அரைத் துறவி இல்லை.

பலகைக்கு வருகிறேன். நாடிக்கும் மூக்குக்கும் நடுவில் உயரம் வந்தால் சரி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. கண்மதிப்புக்கு அது போதும். ஆனால் பலகைக்கு உயரம் தெரியாது, நிறைதான் தெரியும். அது வளைவது நிறையால். ஆறடி உயர மெலிந்த பெடியனுக்கும் அதே உயரத்தில் இருக்கும் பாரமான அப்பாவுக்கும் ஒரே நீளப் பலகையைக் கொடுத்தால் ஒருவருக்கு அது அசையாது, மற்றவருக்குத் துவண்டுபோகும். அடுத்தது அகலம். பூட்ஸின் முனையும் குதியும் பலகையின் இரு விளிம்புக்கும் வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் விளிம்பை அழுத்த முடியும். அதிகம் நீட்டினால் திரும்பும்போது பூட்ஸ் பனியில் உரசி ஆளைத் தூக்கிப்போடும். ஆண்களின் அமெரிக்க அளவில் பதினொன்றுக்கு மேல் போகும் கால்களுக்கு அகலப் பலகையே தனியாக வருகிறது.

மேலே சொன்னதை எல்லாம் மக்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். சண்டை வருவது விறைப்பில். ஒன்று முதல் பத்துவரை ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று மிக மென்மை, பத்து மிக விறைப்பு. தொடங்குகிறவருக்கு இரண்டிலிருந்து நான்குக்குள் இருப்பதை எடுத்துக் கொடுப்பேன். வடிவத்திலும் அப்படித்தான். தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே வில்லாக எழுந்து, இரு முனைக்கும் அருகில் மட்டும் தரையைத் தொடுவது கேம்பர். அதற்கு நேர்மாறாக, நடுப்பகுதி தரையில் இருந்து முனைகள் எழும்புவது ரொக்கர். கேம்பர் பனியை நன்றாகப் பிடிக்கும்; பிடிப்பதாலேயே, நிறையை எங்கே வைப்பது என்று தெரியாதவரின் விளிம்பைச் சட்டென்று பிடித்து முகங்குப்புறத் தள்ளும். முனை எழும்பிய பலகையில் அந்த விபத்து குறைவு. ஆகவே மென்மையானதும், முனை எழும்பியதாகவோ அடி தட்டையானதாகவோ இருப்பதும்தான் தொடக்கத்துக்கு நல்லது.

இளைஞர்களுக்கு இது அவமானமாகப் படுகிறது. "எனக்குப் பிகினர் போட் வேண்டாம். கெட்டிக்காரர் பாவிக்கிறதைத் தாங்கோ, நான் பழகிக்கொள்ளுவன்" என்றான் ஒருவன். நான் இரண்டு பலகைகளை எடுத்து, ஒவ்வொன்றின் வாலையும் தரையில் ஊன்றி, தலையை ஒரு கையால் பிடித்து, மறுகையால் நடுவில் அழுத்தச் சொன்னேன். மென்மையானது அவன் கைக்கு வளைந்தது. விறைப்பானது அசையவே இல்லை. அது வளைய வேண்டுமென்றால் வேகம் வேண்டும். முதல் நாளில் யாருக்கும் அந்த வேகம் இல்லை. மெதுவாகப் போகிறவனுக்கு விறைத்த பலகை ஊமை. கெட்டிக்காரன் பாவிக்கும் பலகையில் ஒளிந்திருக்கும் திறமை எதுவும் அவனுக்குக் கிடைக்காது. மென்மையான பலகையோ அவன் கணுக்காலைச் சிறிது சரித்தாலும் உடனே மறுமொழி சொல்லும். கற்பது அந்த மறுமொழியிலிருந்துதான். பெரியதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துச் சிறியவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது தவறான எண்ணம். அவனுடைய சிறிய விசைக்கு முழுதாகப் பதில் தருகிற பொருள் அது.

சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு சொல்கிறது. உயிரின் பக்குவத்துக்கு ஏற்ப அருள் பதிவதிலும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு. நாங்கள் சிறுவயதில் இதை ஏணியாகவே விளங்கிக்கொண்டோம். கோயிலைக் கூட்டுவதும் பூத்தொடுப்பதுமான சரியை முதற்படி. அதில் நிற்பவர் இன்னும் மேலே போகாதவர். ஆனால் அந்த முதற்படிக்கு எடுத்துக்காட்டாக மரபு யாரை நிறுத்தியிருக்கிறது? அப்பரை. கையில் உழவாரத்தோடு கோயில் வீதிகளில் புல் செதுக்கிய அப்பரை. பெரியபுராணம் சொல்வதைப் பாருங்கள். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. அவருக்கு அவை பருக்கைக் கல்லிலிருந்து வேறாகத் தெரியவில்லை. உழவாரத்தாலேயே வாரிக் குளத்தில் எறிந்தார். அவர் இறைவனடி சேர்ந்ததும் அந்தப் புகலூரில்தான். தொடக்கக்காரனுக்குரியது என்று நாம் ஒதுக்கிய கருவி, ஒரு ஞானியின் கையில் கடைசிவரை இருந்திருக்கிறது. அது சின்னக் கருவி என்றால் அவர் எப்போதோ கீழே போட்டிருப்பார்.

அவரே கயிலைக்கும் புறப்பட்டார். நடந்து பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், கையும் தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார், பிறகு உருண்டார். மலையை நோக்கி ஒரு மனிதன் தன்னை இதற்கு மேல் மாற்றிக்கொள்ள முடியாது. அந்த மலை அதைக் கேட்கவில்லை. வழியில் ஒரு முனிவர் வந்து தடுக்கிறார்; ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்கிறது இறைவனின் குரல்; எழுந்தால் திருவையாறு. அங்கேயே, பிடியோடு வரும் களிற்றிலும் பெடையோடு வரும் சேவலிலும், கயிலைக் காட்சி. பனிமலை காவிரிக்கரைக்கு வந்தது. இந்தக் கதையை அடியவரின் உறுதிக்குச் சாட்சியாகத்தான் எப்போதும் சொல்கிறார்கள். எனக்கு இது ஆளிடம் வழி வந்த கதை.

அடுத்து, எந்தக் கால் முன்னே என்பது. இடது கால் முன்னே நின்று சறுக்குகிறவரை ரெகுலர் என்றும் வலது கால் முன்னே நிற்பவரைக் கூஃபி என்றும் இந்தத் தொழிலில் சொல்கிறார்கள். எழுதும் கையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சில பயிற்றுநர்கள் ஆளை நிற்க வைத்துப் பின்னாலிருந்து சொல்லாமல் தள்ளுவார்கள். எந்தக் கால் தன்னால் முன்னே வருகிறதோ அது முன்கால். எனக்கு அந்த முறை பிடிக்காது. நம்பி வந்து முதுகைக் காட்டி நிற்கிற மனிதரை முன்னறிவிப்பில்லாமல் தள்ளுவது எந்தக் கல்விக்கும் நல்ல தொடக்கம் இல்லை. காலுறையோடு வழுவழுப்பான தரையில் இரண்டடி ஓடிச் சறுக்கிப் பார்க்கச் சொல்வேன். உடம்பு தானே முடிவெடுத்துவிடும்.

ஸ்காபரோவிலிருந்து ஓர் அக்கா பேரப்பிள்ளையோடு வந்திருந்தார். பிள்ளைக்குப் பொருத்தி முடித்ததும் மெல்லக் கேட்டார்: "தம்பி, எனக்கு இது ஏலுமோ?"

"ஏன் ஏலாது அக்கா? சப்பாத்தைக் கழட்டுங்கோ."

காலுறையோடு எழுந்து நின்றவர் தரையைப் பார்த்துத் தயங்கினார். "எந்தக் காலை முதல்ல வைக்கிறது? வலது காலோ?"

"நல்ல கால், கெட்ட கால் எண்டு ஒண்டும் இல்லை அக்கா. யோசிக்காமல் சறுக்குங்கோ. உங்கட கால் சொல்லும்."

சறுக்கினார். வலது கால் முன்னே வந்தது. திரும்பச் சறுக்கச் சொன்னேன். அதே கால். பக்கத்தில் நின்ற பேரன் ஆங்கிலத்தில், அம்மம்மா கூஃபி என்று கத்தினான். அவருக்கு முகம் வாடியது. "அப்ப நான் மாறி நிக்கிறனோ? பிழையோ?"

பிழை இல்லை, உலகத்தில் பெரிய வீரர்கள் பலர் அப்படித்தான் நிற்கிறார்கள் என்று நான் சொல்லத் தொடங்குமுன் அவரே சொன்னார்: "மதுரையிலயும் அவர் கால் மாறித்தானே நிக்கிறார்."

அந்த ஒரு வசனத்தில் என் கடை வாங்கில் ஒரு தத்துவமே வந்து உட்கார்ந்தது. தில்லையில் நடராசர் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடுகிறார். மதுரை வெள்ளியம்பலத்தில் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கியிருக்கிறார். திருவிளையாடற் புராணம் காரணம் சொல்கிறது. இராசசேகர பாண்டியன் மற்றக் கலைகளையெல்லாம் கற்று, கடைசியாகப் பரதமும் கற்கத் தொடங்கினான். ஆடிப் பார்த்தபோதுதான் ஊன்றிய காலில் எவ்வளவு நோவு என்று தெரிந்தது. எந்நேரமும் ஒரே காலில் நின்று ஆடுகிறாரே, அவருக்கு எப்படி நோகும் என்று உருகி, கால் மாறி ஆட வேண்டும் என்று கேட்டான். ஆடினார்.

இதைப் பக்தனுக்கு இரங்கிய கடவுளின் கதையாகச் சொல்கிறோம். பாண்டியன் பக்கத்திலிருந்து பாருங்கள். அவனும் அதற்கு முன் எத்தனையோ முறை அந்தச் சந்நிதியில் நின்றிருப்பான், அந்தக் காலைப் பார்த்திருப்பான். அவனுடைய சொந்தக் கால் வலித்த பிறகுதான் அது ஒரு கால் என்று கண்ணுக்குத் தெரிந்தது. கற்கத் தொடங்கியவனின் நோவு கடவுளிடம்கூட ஒரு விண்ணப்பம் வைக்கும் தகுதியைக் கொடுத்துவிட்டது. வல்லவனாகி அரங்கேறிய பிறகு அவன் அதைக் கேட்கவில்லை. பழகும்போது கேட்டான். தொடக்க நிலைக்கென்று ஓர் அறிவு உண்டு. அது தேர்ந்தவர்களிடம் இருப்பதில்லை. எங்கே நோகிறது என்பது அவர்களுக்கு மறந்துபோகிறது.

அக்காவுக்குப் பைண்டிங் பொருத்தியதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் அவசரமாகக் கடந்துபோகிற இடம் இது. பைண்டிங்கின் அடித்தட்டின் நடுவில் வட்டமான ஒரு டிஸ்க் இருக்கும். அதன் ஓரத்தில் கோடுகள். பொதுவாக ஒரு கோட்டுக்கு மூன்று பாகை. முன்காலுக்கு, முனை பலகையின் தலைப்பக்கம் திரும்பும்படி பன்னிரண்டு பாகை வைத்தேன். பின்காலுக்கு எதிர்ப்பக்கம் ஆறு. வாத்து நிற்பதுபோல் இரண்டு பாதமும் வெளியே திரும்பி நிற்கும். அப்படி நின்று முழங்காலை மடக்கும்போது முழங்கால் பாதத்தின் திசையிலேயே போக வேண்டும், உள்ளே மடங்கக் கூடாது. அக்காவை நிற்க வைத்து மடக்கிப் பார்த்தோம். பின்முழங்கால் கொஞ்சம் உள்ளே விழுந்தது. இன்னொரு கோடு திருப்பி ஒன்பதாக்கியதும் நேரே நின்றது. அந்த மூன்று பாகை எந்த அட்டவணையிலும் இல்லை. அவருடைய முழங்காலில்தான் இருந்தது.

இரண்டு பைண்டிங்குக்கும் இடையிலான தூரம் தோளகலத்தைவிடச் சற்றுக் கூட. பூட்ஸை வைத்துப் பார்த்து, விரற்பக்கமும் குதிப்பக்கமும் விளிம்புக்கு வெளியே ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் டிஸ்கைத் தளர்த்தி நகர்த்த வேண்டும். நான்கு திருகாணி. ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. நான்கையும் கையால் பிடிக்கும்வரை சுற்றி, பிறகு குறுக்கும் மறுக்குமாக இறுக்க வேண்டும். பலத்தையெல்லாம் காட்டி முறுக்கினால் பலகையின் அடியில் குழி விழும். காலின் பின்னால் நிற்கும் ஹைபேக்கை முன்னே சாய்க்காமல் நேராக விட்டேன். சாய்த்தால் குதிப்பக்க விளிம்பு வேகமாகப் பிடிக்கும், முதல் நாளுக்கு அது வேண்டாம். கணுக்கால் பட்டியை இறுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறுக்கினேன். வலித்தாலும் சொல்ல மாட்டார்கள், எங்கள் ஆட்கள்.

இரட்டை மட்டைப் பனிச்சறுக்கில் விழுந்தால் பைண்டிங் தானே கழன்றுவிடும். பலகையில் கழலாது. இரண்டு காலும் கட்டுண்டு கிடக்கும். அதனால் விழப் பழக்குவதும் பொருத்துவதில் சேர்ந்ததுதான் என்பது என் எண்ணம். தொடங்குகிறவர்கள் உள்ளங்கையை விரித்து ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். கையை முட்டியாக மடக்கி முன்கையால் வாங்குங்கள், பின்னால் விழுந்தால் இருப்பிடத்தால் உருளுங்கள், மணிக்கட்டுக் கவசம் போடுங்கள், தலைக்கவசம் இல்லாமல் வெளியே போக வேண்டாம்.

இனி, நான் சொன்னதற்கு எதிராகச் சொல்லக்கூடியதில் வலுவானதைச் சொல்ல வேண்டும். பக்குவம் பார்த்துக் கொடுப்பது என்று தொடங்கினால், பக்குவம் இல்லை என்று மறுப்பதற்கும் அதே வாசல்தான். அளவெடுக்கிறவன் கையில் அதிகாரம் வந்துவிடுகிறது.

பலகையின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. 1965 கிறிஸ்மஸ் நாளில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில் ஷெர்மன் பொப்பன் தன் பெண்பிள்ளைகளுக்காக இரண்டு பனிச்சறுக்கு மட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பிணைத்தார். இந்த விளையாட்டின் முன்னோடி அது. முன்னே பிடிக்க ஒரு கயிறு; காலைக் கட்ட ஒன்றும் இல்லை. 1979இல் ஜேக் பேர்ட்டன் கார்ப்பென்டர், அந்த வகைப் பலகைக்காக அதே மாநிலத்தில் நடந்த போட்டிக்குத் தான் செய்த, காலைப் பிணைக்கும் பலகையோடு போனார். இது எங்கள் பலகை இல்லை என்று எதிர்ப்பு வந்தது. அவருக்கென்று தனிப் பிரிவு திறந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் பெரும்பாலான மலைகள் பலகைக்காரர்களை உள்ளே விடவில்லை. 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொண்ட பிறகும், அமெரிக்காவில் அல்டா, டீர் வலி, மாட் றிவர் கிளென் என்ற மூன்று மலைகளில் இன்றுவரை தடை இருக்கிறது.

இது விளையாட்டு. இந்த மலை இல்லாவிட்டால் அடுத்த மலை. எங்கள் ஊரில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைக்கவே கூசுகிறது. சாதியைச் சொல்லி மறிப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மனிதர்கள் உள்ளே போவதற்காகக் காத்து உட்கார வேண்டியிருந்தது. வாசலை மறித்தவர்களும் தகுதி என்ற பேச்சைத்தான் பேசினார்கள். என் தகப்பன் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்.

கோயிலுக்குள் விடப்படாத நந்தனாரின் வரலாற்றில் இரண்டு தலங்கள் வருகின்றன. திருப்புன்கூரில் வெளியே நின்று பார்க்கிறார், நந்தி மறைக்கிறது. இறைவன் நந்தியை விலகச் சொல்கிறான். இன்றைக்கும் அந்தக் கோயிலில் நந்தி விலகித்தான் இருக்கிறது. தில்லையிலோ அவர் தீயில் இறங்கி வேறு உருவோடு எழுந்த பிறகே உள்ளே போகிறார். ஒன்றில் வழி விலகிக்கொண்டது. மற்றதில் ஆள் எரிந்தான். இரண்டையும் ஒரே அருளின் செயலாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடியிருக்கிறார். அவர்மீது எனக்கு இருக்கும் மதிப்பு சொல்லி முடியாதது. ஆனால் நான் திருப்புன்கூர்க்காரன். தில்லைத் தீயின் முன்னால் என்னால் கைகூப்ப முடியவில்லை. அழத்தான் முடிகிறது.

பக்குவத்துக்கும் விலக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு வாங்குதான் தெளிவாக்கியது. நான் அளப்பது அந்த ஆளிடம் இருப்பதை: பாதம், நிறை, முழங்கால் மடங்கும் திசை. யாருடைய பிள்ளை என்பதை அளப்பதில்லை. அளந்த பிறகு மாற்றுவது பொருளை. ஆளைத் திருப்பி அனுப்புவதற்காக அளவுகோல் எடுக்கிறவன் பொருத்துகிறவனே இல்லை. பொருந்தும் பூட்ஸ் அலுமாரியில் இல்லையென்றால் அது அலுமாரியின் குறை. ஆசிரியன், பூசகன், குரு என்று யார் பக்குவம் பார்த்தாலும் இதே சோதனையை வைக்கலாம். அளந்து முடித்ததும் அவர் கை எதை நோக்கிப் போகிறது, அலுமாரியையா, கதவையா?

அலுமாரியின் குறை என்று சொன்னது வெறும் பேச்சில்லை. வெறுங்காலோடு ஓடித் திரிந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். என் தலைமுறையில் ஊரிலிருந்து வந்த பலருக்கு அப்படித்தான். வழக்கமான அச்சில் செய்த பூட்ஸில் அந்தப் பாதத்தின் நீளம் பொருந்தும், சுண்டுவிரல் நசுங்கும். அகலத்துக்காக ஒரு அளவு பெரிதாக எடுத்தால் குதிகால் தூக்கும். அகல அச்சில் செய்த பூட்ஸ் சந்தையில் இருக்கிறது. எங்கள் வாடகைப் பகுதியில் இருக்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். தனியாகக் கேட்கிறவர்களுக்கு, கூடுதல் வாடகைக்கு வைக்கலாம் என்றார். சோணர் சொன்னதைத்தான் நான் அவருக்கு வேறு சொற்களில் சொன்னேன்: தனி அனுமதியாக வேண்டாம், எல்லோருக்கும் உள்ள வரிசையில், எல்லோருக்கும் உள்ள வாடகைக்கு வையுங்கள். யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆண்களுக்கான நடுத்தர அளவுகளில் வந்து சேர்ந்திருக்கின்றன. முதல் வரிசையிலேயே அடுக்கிவிட்டேன். பெண்களுக்கான சிறிய அளவுகள் இன்னும் வரவில்லை. அந்த அக்காவின் பாதம் இருபத்துநான்கு சென்ரிமீற்றர், நல்ல அகலம். அன்றைக்குப் பூட்ஸின் உள் லைனரை மட்டும் மாற்றி ஒருவாறு சமாளித்து அனுப்பினேன். அடுத்த கொள்வனவுப் பட்டியலில் அந்த அளவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.